ஒரு சிந்த்பொப் தொகுப்பின் வெளியீட்டு விழா

தர்ஷிகா பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை பார்க்கிறாள். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறாள்.

காலையில் பேராதனையில் பஸ் ஏறி, கண்டியில் இன்னொரு பஸ்ஸுக்கு மாறி, வேலைக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணித்தியாலம் ஆகும். சாரதி தலைக்கு மேல் மாட்டிய ஒலிபெருக்கிப் பெட்டியில் தனக்குப் பிடித்ததை அலறவிட, அவள் இயர்போனை அழுத்திச் செருகிக்கொண்டு அந்த வாரம் வந்த புதிய இசைத்தொகுப்புகளை, சிந்தசைசர் கருவியில் எழும் சிந்த்பொப்பையும் ஆல்டர்நேட்டிவையும், கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை அவை பற்றித் தன் முகநூல் பக்கத்தில் தமிழில் எழுதுவாள். பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் முந்நூற்று நாற்பது பேர். அவர்களில் பாதிப் பேர் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள். தையல் பற்றி ஏதாவது எழுதுவாள் என்று நம்பிச் சேர்ந்தவர்கள்.

அவள் எழுதியது பெரும்பாலும் அருவருப்பைப் பற்றித்தான். சுவீடனில் இருந்து வந்த ஓர் இருவர் குழுவைப் பற்றி இப்படி எழுதினாள்: "பத்துப் பாட்டு. பத்திலும் அதே மழை, அதே கார், அதே நியோன் விளக்கு. பாடுகிற பெண்ணின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிறது. யாராவது கயிறு போடுங்கள்." ஓர் ஆங்கிலேய ஆல்டர்நேட்டிவ் குழுவைப் பற்றி: "மூன்று தொகுப்புகளுக்கு முன்னால் இவர்களுக்குக் கோபம் இருந்தது. இப்போது கோபக்காரர் போல உடுத்தத் தெரிந்திருக்கிறது." கொழும்பில் இருந்து வந்த ஒன்றைப் பற்றி: "தாங்கள் பிறப்பதற்கு முந்திய காலத்தை நினைத்து நால்வர் அழுகிறார்கள். ட்ரம் மெஷின் மட்டும் உண்மையாக உழைத்திருக்கிறது."

இரண்டு வருடங்களில் அவள் மனமாரப் பாராட்டியது ஒரே ஒரு தொகுப்பைத்தான். அதுவும் இன்னும் வெளிவராத தொகுப்பு.

அதைச் செய்தவன் ஷாமில். உயர்தர வகுப்பில் அவளோடு படித்தவன். கடுகண்ணாவையில் அவனுடைய வாப்பா ரஸீனுக்கு ஒரு டயர் கடை. கடைக்கு மேல் ஓர் அறை. அந்த அறையில் சத்தத்தை அடக்கச் சுவர் முழுக்க முட்டைத் தட்டுகளை ஒட்டி, பழைய கீபோர்ட் ஒன்றையும் மடிகணினி ஒன்றையும் வைத்துக்கொண்டு ஷாமில் இரண்டு வருடமாக ஏழு பாட்டுகளைச் செய்தான். தொகுப்புக்கு 'ரயில் கடவை' என்று பெயர். முதல் பாட்டு கடுகண்ணாவை ரயில் கடவையின் மணியோசையில் தொடங்கும். மணி அடிக்க அடிக்க அதன் தாளத்திலேயே சிந்தசைசர் மெல்ல ஏறி உட்காரும். மணி எப்போது நின்றது, இயந்திரம் எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. தர்ஷிகா அந்த இடத்தைப் பஸ்ஸில் ஒன்பது தடவை திரும்பத் திரும்பக் கேட்டு, இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டாள்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. கணிதம் படிப்பிக்கும் டியூஷன் மாஸ்டர் ஒருவர் அதை வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ரஸீன் கொடுமைக்காரர் இல்லை. நியாயமான ஒரு நிபந்தனை வைத்தார்.

"ரெண்டு வருஷமா தலைக்கு மேல டொக்கு டொக்குனு சத்தம். கடைக்கு வாரவங்க எல்லாம் மேல யாரு ஆணி அடிக்கிறன்னு கேக்கிறாங்க. எனக்கு இதெல்லாம் வெளங்காது மகன். நாலு பெரிய மனிசர் இது நல்லம்னு சென்னாங்கன்னா அற ஒனக்குத்தான். இல்லாட்டி மாசக் கடைசில அறயப் பூட்டித் தொறப்ப தந்துரு."

அந்த நால்வரும் பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அது சொல்லாமலே விளங்கும் என்று ஷாமிலும் தர்ஷிகாவும் நினைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஷாமில் தொகுப்பை இணையத்தில் ஏற்றினான். நான்கு நாட்களில் முப்பத்தேழு பேர் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் போலந்தில் இருந்தார். ஆனால் போலந்துக்காரரை ரஸீன் பெரிய மனிதராக ஏற்றுக்கொள்வாரா என்பது சந்தேகம். கண்டியில் பெரிய மனிதர்கள் நால்வரை ஒரே இடத்தில் காண்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. இருவரும் மகாவலி நவீன இசை வளர்ப்பு மன்றத்துக்குப் போனார்கள்.

மன்றத்துக்குச் சொந்த இடம் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக் கடையின் பின்னறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே ஐந்து கதிரைகளைப் போட்டுக் கூடும். இருபத்திரண்டு வருடங்களில் அறுபத்துமூன்று வெளியீட்டு விழாக்களை நடத்தியிருந்தது. செயலாளர் அஜந்தன் வேலை மாற்றத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆனவர். அவர் விண்ணப்பப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"தொகுப்பு இப்ப எங்க இருக்கு?"

"இணையத்துல இருக்கு சேர். வெள்ளிக்கிழம போட்டேன்," என்றான் ஷாமில்.

அஜந்தன் பேனாவை மூடினார். "ஏற்கனவே போட்டிட்டீரோ? அப்ப இது வெளியீடு இல்லைத் தம்பி. கசிவு."

"முப்பத்தேழு பேர் கேட்டிருக்காங்க சேர்," என்றாள் தர்ஷிகா, அது நல்ல செய்தி என்று நினைத்து.

"அதைத்தான் நானும் சொல்லுறன் பிள்ளை. முதற்பிரதி குடுக்க முன்னமே முப்பத்தேழு பேர் கேட்டிருக்கினம். பளீல் ஹாஜியார் எங்கட புரவலர். அறுபத்துமூண்டு முதற்பிரதி வாங்கின மனிசன். அவரைக் கூப்பிட்டு, நீங்கள் முப்பத்தெட்டாவது ஆள் எண்டு சொல்லேலுமோ?"

அஜந்தன் படிவத்தை ஒரு பக்கம் தள்ளினார்.

"முதல்ல அதைக் கழட்டும். பிறகு கதைப்பம்."

ஷாமில் அங்கேயே, மருந்துப் பெட்டியின் மேல் கைபேசியை வைத்து, தொகுப்பை இணையத்தில் இருந்து அகற்றினான். அகற்றி முடிந்ததை அஜந்தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து உறுதிசெய்தார். மன்றத்தின் வரலாற்றில் ஓர் இசைத்தொகுப்புப் பற்றி அதிகாரி ஒருவர் செய்த ஒரே பரிசோதனை அதுதான்.

அடுத்தது முதற்பிரதிப் பிரச்சினை. இணையத்தில் இருப்பதை ஹாஜியாரின் கையில் எப்படிக் கொடுப்பது? இசைத்தட்டு அடிக்கலாம் என்றான் ஷாமில். இசைத்தட்டு சிறியது, படத்தில் தெரியாது என்றார் அஜந்தன். கடைசியில், விழாவுக்குப் பிறகு மீண்டும் ஏற்றவிருக்கும் தொகுப்பின் இணைப்பைக் கொண்ட கியூஆர் குறியை இரண்டடிக்கு மூன்றடி அளவில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பட்டு நாடா கட்டிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. அச்சகத்தார் மேலேயும் கீழேயும் மன்றத்தின் பெயரைப் போட்டார்கள். நடுவில் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் தலைவரின் படத்தைப் போட்டார்கள். நடு வெறுமையாக இருக்கவில்லை. அங்கேதான் குறி இருந்தது.

சட்டம் வந்த அன்று தர்ஷிகா கைபேசியைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை. கிட்டப் பிடித்தாள், எட்டப் பிடித்தாள்.

"சேர், இது வேலை செய்யல. தலைவரோட படம் குறிய மறைக்குது."

அஜந்தன் சட்டத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "தலைவற்ற படம் வடிவா விழுந்திருக்குத்தானே?"

"படம் நல்லாருக்கு சேர். ஆனா பாட்டுக்குப் போக முடியல."

"விழா மேடையில வைச்சு ஆர் பிள்ளை பாட்டுக்குப் போகப் போகினம்?"

இதற்கிடையில் தர்ஷிகாவையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருந்தார்கள். 'இரசிகர் கருத்துரை, மூன்று நிமிடம்.' உரையின் பிரதியை முன்கூட்டியே தலைவரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. தலைவர் இசைமாமணி இராமையா கூட்டுறவுத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். இசைமாமணி என்ற பட்டத்தை அவருக்கு மன்றமே வழங்கியது. வழங்கிய விழாவுக்கு அவரே தலைமை தாங்கினார்.

அவர் பிரதியை வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் ஒரு வரியைச் சுற்றினார்.

"'ஐந்தாவது பாட்டு சரியில்லை. நல்ல மெட்டை எட்டுத் தடவை திருப்பிப் போட்டு வீணாக்கியிருக்கிறான்.' இது என்னம்மா?"

"உண்மைதான் சேர். ஷாமிலுக்கே தெரியும். மத்த ஆறும் அவ்வளவு நல்லா இருக்கிறதாலதான் இது உறுத்துது."

"தங்கச்சி, இது நயவுரை நடக்கிற மேடை. கொறையுள்ள தொகுப்புன்னா நாங்க ஏன் வெளியிடப் போறோம்? நாங்க வெளியிடுறோம்னா கொறை இல்லைன்னு அர்த்தம். நீங்க கொறை இருக்குன்னா மன்றத்தையில்ல சொல்றீங்க?"

"நீங்க அந்தப் பாட்டக் கேட்டீங்களா சேர்?"

இராமையா புன்னகைத்தார். அனுபவமற்றவர்களைப் பார்த்து அனுபவசாலிகள் புன்னகைக்கும் விதமாக.

"கேட்டா பக்கச்சார்பு வந்துரும்மா. இதுல நல்லது இது, கெட்டது இதுன்னு மனசு போக ஆரம்பிச்சிரும். அப்புறம் தலைமை தாங்க முடியுமா? இருபத்திரண்டு வருசமா இசைத்துறையில இருக்கேன். ஒரு நாள் கூடப் பாட்டு எனக்குக் குறுக்க வந்ததில்ல."

அவர் அந்த வரியை வெட்டினார். வெட்டிய இடத்தில் தன் கையால் 'தலைவர் அவர்களின் அயராத முயற்சியினால்' என்று எழுதினார். வாக்கியம் அங்கே முடியவில்லை. எதில் முடிய வேண்டும் என்பதை அவளிடமே விட்டுவிட்டார்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாவிக்கரைக்கு மேலே ஒரு மண்டபத்தில் நடந்தது. நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலானோர் முந்திய விழாக்களில் தங்கள் நூல்களையும் இசைத்தொகுப்புகளையும் வெளியிட்டவர்கள். தங்கள் விழாவுக்கு வந்தவர்களின் விழாவுக்குப் போகும் முறைப்படி வந்தவர்கள். இந்த முறை ஷாமிலுக்கு விளங்கவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் தன் தொகுப்பைப் பற்றிச் சொல்ல முயன்றான். அவர்கள் அவன் கையைப் பிடித்து, தேநீர் எங்கே என்று கேட்டார்கள்.

ரஸீன் வெள்ளைச் சட்டை அணிந்து, கடையை ஒரு நாள் மூடிவிட்டு வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, பாட்டுக்காகக் காத்திருந்தார். அந்த மண்டபத்தில் பாட்டுக்காகக் காத்திருந்த மூன்று பேரில் அவரும் ஒருவர்.

நிகழ்ச்சி நிரலில் இருபத்தொரு விடயங்கள் இருந்தன. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, நான்கு ஆசியுரைகள், தலைமையுரை, ஆறு வாழ்த்துரைகள், கௌரவிப்பு, முதற்பிரதி வழங்கல், நயவுரை என்று அது இறங்கிக்கொண்டே போனது. இருபத்தோராவது விடயம்: 'பாடல் ஒலிபரப்பு (நேரம் இருப்பின்).'

வாழ்த்துரை வழங்கிய ஒருவர் 'ரயில் கடவை' என்ற நாவல் சமூகத்துக்குத் தேவையான நூல் என்றார். அஜந்தன் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையசைத்துவிட்டு, "இந்த நாவல் இசை வடிவில் வந்திருப்பது புதுமை," என்று தொடர்ந்தார். அடுத்தவர் தன் இளமைக் காலத்தில் புல்லாங்குழல் கற்க விரும்பியதையும் கற்காததையும் பதினெட்டு நிமிடம் விவரித்தார். அதற்கடுத்தவர், இளைஞர்கள் கைபேசியில் மூழ்கிக் கிடக்கும் காலத்தில் ஷாமில் போன்ற ஒருவர் கைபேசியை விட்டு விலகி இசை படைத்திருப்பதைப் பாராட்டினார். தொகுப்பின் முதற்பிரதியே கைபேசிக்கான ஒரு குறிதான்.

பதினொன்றரை மணிக்கு முதற்பிரதி வழங்கும் நேரம் வந்தது. பளீல் ஹாஜியார் மேடைக்கு வந்தார். தரைக்குப் பதிக்கும் ஓடு விற்கும் வியாபாரி, நல்ல மனிதர். இதுவரை பெற்ற அறுபத்துமூன்று முதற்பிரதிகளையும் வீட்டில் ஒரு கண்ணாடி அலுமாரியில், சுற்றிய தாள் கிழியாமல் வைத்திருப்பவர். இராமையா சட்டத்தை ஒரு முனையில் பிடித்தார். ஹாஜியார் மறுமுனையில் பிடித்தார். நடுவில் இராமையாவின் படம். புகைப்படக்காரர் இருவரையும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

இதுதான் அந்தத் தருணம் என்று ஷாமில் நினைத்தான். மேடையின் ஓரத்தில் மடிகணினியோடு நின்ற அவன் முதல் பாட்டை அழுத்தினான்.

மண்டபத்தில் ரயில் கடவை மணி அடித்தது. தெளிவாக, ஓங்கி, தாளத்தோடு.

இராமையாவின் முகம் சுருங்கியது. சட்டத்தைப் பிடித்தபடியே ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தார்.

"யாரோட போன் அது? தயவுசெஞ்சு அணைச்சு வைங்க. மேடை நாகரிகம்னு ஒன்னு இருக்கு."

நூற்றைம்பது பேரும் தங்கள் பைகளையும் சட்டைப்பைகளையும் தடவினார்கள். பெண்கள் கைப்பைகளைத் திறந்து பார்த்தார்கள். ஒருவர் எழுந்து, தன்னுடையது இல்லை என்று இரண்டு கைகளையும் காட்டினார். ரஸீனும் தன் கைபேசியை எடுத்து அணைத்தார். மணியோடு சிந்தசைசர் சேரும் இடத்துக்கு இன்னும் நான்கு விநாடிகள் இருந்தன. தர்ஷிகா விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். அஜந்தன் ஓடிவந்து மடிகணினியின் மூடியை அடித்து மூடினார்.

"அது பாட்டு சேர்," என்றான் ஷாமில்.

"படம் எடுக்கேக்க பாட்டுப் போடுறதோ? விசரோ உமக்கு?"

மொத்தம் பதினொரு விநாடி. புகைப்படம் நன்றாக வந்தது.

நயவுரை நிகழ்த்தியவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர் நிஸாம். அவர் நாற்பது நிமிடம், அழைப்பிதழில் அச்சடித்திருந்த தொகுப்பின் அட்டைப்படத்தைப் பற்றிப் பேசினார். அட்டையில் கடவைக் கம்பம் மூடியிருப்பதற்கு மூன்று காரணங்களைச் சொன்னார். மூன்றையும் ஷாமில் அன்றுதான் அறிந்தான். "மின்கருவிகளின் செயற்கை ஒலி இன்றைய இசையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தம்பி அந்த வலையில் விழவில்லை என்பதே இத்தொகுப்பின் முதற்சிறப்பு," என்றார். தொகுப்பில் மணியோசையையும் ஷாமிலின் குரலையும் தவிர மற்ற எல்லாமே மின்கருவி. "உள்ளடக்கத்துக்குள் போக நேரம் போதாது. அதற்கு வேறொரு அரங்கு வேண்டும்," என்று முடித்தார். கைதட்டல் நீண்டது.

தர்ஷிகாவின் முறை வந்தபோது ஒரு மணி கடந்துவிட்டது. மூன்று நிமிடம் ஒரு நிமிடமாகியிருந்தது. அவள் தலைவர் திருத்திய தாளை மடித்து உள்ளே வைத்தாள்.

"ரெண்டு வருசமா நான் கேட்ட தொகுப்புகள்ல பெரும்பாலானவை போலி. ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் செஞ்சு, அத இன்னொருத்தர் செஞ்ச மாதிரி. அதையெல்லாம் கேட்டு எனக்கு அருவருத்துப் போச்சு. இந்தத் தொகுப்பு அப்படி இல்ல. ஆறு பாட்டு, நான் கேட்டதிலேயே சிறந்தது. அஞ்சாவது பாட்டு சரியில்ல. நான் சொல்றத நம்ப வேணாம். இருபத்தாறு நிமிசந்தான். தயவுசெஞ்சு கேட்டுப் பாருங்க."

அந்த மேடையில் 'சரியில்லை' என்ற சொல் அதற்கு முன் ஒலித்ததில்லை. விளக்கில் எண்ணெய் சரியில்லை என்றபோது ஒரு தடவை ஒலித்திருக்கலாம்.

இராமையா எழுந்து நிலைமையைச் சமாளித்தார். "தங்கை ஒரு முக்கியமான கருத்தை முன்வச்சிருக்காங்க. அஞ்சாவது பாட்டு சம்பந்தமா ஒரு சர்ச்சை எழுந்திருக்கு. மன்றம் இதைச் சும்மா விடாது. மூவர் கொண்ட குழு ஒன்ன நியமிக்கிறேன். அந்தக் குழு அஞ்சாவது பாட்டை ஆராய்ஞ்சு ஆறு மாசத்துல அறிக்கை தரும். அதுவரைக்கும் தொகுப்பை யாரும் கேட்டுக் குழப்பிக்க வேண்டாம்."

கைதட்டினார்கள். குழுவில் நிஸாமின் பெயர் முதலில் வந்தது.

ஏற்புரைக்கு ஷாமிலை அழைத்தபோது அவன் ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "பாட்டக் கேளுங்க. வேற ஒன்னும் செல்ல இல்ல," என்று சொல்லிவிட்டு இறங்கினான். அவனுடைய அடக்கத்தை நன்றியுரையில் தனியாகக் குறிப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நிரலில் இல்லாத ஒன்று நடந்தது. இரண்டு பொன்னாடைகள் மிஞ்சியிருந்தன. மிஞ்சிய பொன்னாடையைத் திருப்பிக் கொண்டுபோகும் வழக்கம் மன்றத்தில் இல்லை. "இந்தக் கலைஞனை ஈன்று தந்த தந்தையார்," என்று அஜந்தன் அறிவித்தார். ரஸீன் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ என்று. மேடைக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, மாலையும் போட்டார்கள். முப்பது வருடம் டயர் கழற்றிய கைகளை ஹாஜியார் பிடித்துக் குலுக்கினார். ரஸீனின் கண்கள் கலங்கிவிட்டன. அவரை யாரும் அதுவரை எதற்காகவும் மேடையேற்றியதில்லை.

அந்தச் சூட்டோடு இராமையா தன் இறுதி வார்த்தைகளைச் சொன்னார். "இவ்வளவு சேவை செய்யிற மன்றத்துக்கு ஒரு சொந்த இடம் இல்லை. மருந்துப் பெட்டிக்கு நடுவுல உக்காந்து இசை வளர்க்கிறோம். பரவாயில்ல. நாங்க யாருகிட்டயும் கேக்கப் போறதில்ல."

கேட்காமல் கேட்பதில் அவருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் இருந்தது. ரஸீன் மாலையோடு ஒலிவாங்கிக்கு வந்தார். முன்பின் பேசிப் பழகாதவர்.

"எங்கட கடைக்கு மேல ஒரு அற ஈக்கி. என்ட மகன் இசை செஞ்ச அற. இவ்வளவு பெரிய மனிசரெல்லாம் அவன்ட இசைய மதிச்சு வந்தீக்கிறீங்க. அந்த அறைய மன்றத்துக்கே குடுக்கிறேன்."

அன்றைய நாளின் மிக நீண்ட கைதட்டல் அதற்குத்தான். ஷாமில் கைதட்டவில்லை. சத்தம் அடங்கும்வரை வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை அவன் அதற்கு முன் கண்டதில்லை. அதனால் அவன் வாயைத் திறக்கவும் இல்லை.

நேரம் இல்லாததால் இருபத்தோராவது விடயம் கைவிடப்பட்டது.

இரண்டு வாரம் கழித்து, மகாவலி நவீன இசை வளர்ப்பு மன்றத்தின் கடுகண்ணாவைத் தலைமையகம் திறக்கப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை, தர்ஷிகா வேலை முடிந்து கடைக்குப் போனாள். மேலே அறையின் முட்டைத் தட்டுகளை இரண்டு பேர் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அழுக்காகத் தெரிகிறது என்று அஜந்தன் சொல்லியிருந்தார். முப்பது பிளாஸ்டிக் கதிரைகள் வந்திறங்கியிருந்தன. கீபோர்ட் கீழே, டயர்களுக்கு இடையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஷாமில் வயர்களைச் சுற்றி ஓர் அரிசிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாலைல ரெண்டு மணித்தியாலம் மட்டும் அறைய பாவிக்க ஏலுமான்னு செயலாளர்ட்ட கேட்டேன்," என்றான் நிமிராமல். "விண்ணப்பம் ஒன்னு தரட்டாம். கூட்டத்துல வைக்கிறாங்களாம். சத்தம் வராத வேலைன்னா பிரச்சின இல்லையாம்."

"திரும்ப ஏத்தினியா, இணையத்துல?"

"ஏத்தினேன். பழைய கணக்கெல்லாம் போயிட்டு. இப்ப ஆறு பேர்."

"அதுல நாலு நான்தான். பஸ்ஸுல, வீட்டுல, மத்த ரெண்டும் கூட வேலை செய்றவங்களோட போன்ல."

அவன் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிக்க வரவில்லை. சுரண்டிய அட்டைத் துகள்கள் மேலிருந்து கீபோர்டின் மேல் விழுந்துகொண்டிருந்தன.

ரஸீன் கடைக்குள் இருந்து வந்தார். அவருடைய மேசைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய புகைப்படம் தொங்கியது: பொன்னாடையோடு அவர், ஒரு பக்கம் ஹாஜியார், மறுபக்கம் இராமையா.

"வாங்க புள்ள. பாத்தீங்களா, நாலு பேரத்தான் கேட்டேன். நூத்தம்பது பேரு வந்தாங்க. இப்ப மன்றமே நம்மட தலைக்கு மேல. எல்லாம் இவன்ட பாட்டாலதான்."

தர்ஷிகா பையில் இருந்து இயர்போனை எடுத்தாள். "அங்கிள், முதல் பாட்டு மூணு நிமிசந்தான். இப்பவே கேளுங்க."

ரஸீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"இப்ப ஏலாது புள்ள, செயலாளர் வார நேரம். அதான் நல்லம்னு எல்லாரும் செல்லிட்டாங்களே. பொறவு என்னத்துக்கு அவசரம்?"